மணி அடித்தவனைத் திட்டலாமா?

பெங்களூரில் நம் தமிழ்க் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறது. அவர்களில் சிலருக்கு, இராத்திரி முழுவதும் கண்விழித்து, கடல் தாண்டிய ஏதோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குள் திருடன் நுழைகிறானா என்று பார்ப்பதே உத்தியோகம். தெருவில் கூர்க்கா விசிலும் தடியுமாகச் செய்வதை இவர்கள் ஏ.சி. அறையில் உட்கார்ந்து செய்கிறார்கள். என் அண்ணன் மகனும் அப்படி ஒரு கூர்க்காதான்.

சென்ற மாதம் வீட்டுக்கு வந்தவன் சரியாகச் சாப்பிடவில்லை. துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. ஓர் இரவு இரண்டரை மணிக்கு, ஓர் ஊழியரின் கணக்கில் சம்பந்தமே இல்லாத ஒரு நாட்டிலிருந்து யாரோ நுழைந்ததாகத் திரையில் எச்சரிக்கை. இவன் பதறிப்போய் மேலதிகாரியை எழுப்பியிருக்கிறான். விசாரித்தால், அந்த ஊழியரே அங்கே டூர் போயிருக்கிறார்! மறுநாள் எல்லார் முன்னிலையிலும் வசவு. "இனிமே நூறு சதவீதம் உறுதியாத் தெரிஞ்சாத்தான் சித்தப்பா யாரையும் எழுப்புவேன்" என்றான்.

எனக்குப் பயம் தந்தது அந்த வார்த்தைதான்.

காரணம் இருக்கிறது. டார்கெட் என்பது அமெரிக்காவின் பெரிய கடை நிறுவனங்களில் ஒன்று. 2013 நவம்பர் 30-ஆம் தேதி அதன் கம்ப்யூட்டர்களில் திருட்டு புரோகிராம் புகுந்திருப்பதாக எச்சரிக்கை வந்தது. அதைக் கவனித்தவர்கள் இதே பெங்களூரில் இருந்த அந்நிறுவனத்தின் கண்காணிப்புக் குழுவினர். மினியாபொலிஸ் தலைமையகத்துக்கு அவர்கள் தகவலும் கொடுத்துவிட்டார்கள் என்று 2014 மார்ச்சில் புளூம்பெர்க் பத்திரிகை எழுதியது. டிசம்பர் 2-ஆம் தேதி மறுபடியும் எச்சரிக்கை. தலைமையகம் அசையவில்லை. உடனடி நடவடிக்கை தேவையில்லை என்று தங்கள் ஆட்கள் முடிவு செய்ததாக நிறுவனமே பின்னர் சொன்னது. சுமார் 4 கோடி கார்டுகளின் விவரங்கள் களவு போயின. 2014 மே மாதம் தலைமை நிர்வாகி பதவி விலகினார்.

மணி ஒழுங்காகத்தான் அடித்தது. இங்கிருந்தவர்களும் ஒழுங்காகத்தான் சொன்னார்கள்.

அண்ணன் மகன் மேலும் கொஞ்சம் தவறு உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. எச்சரிக்கை வந்த முதல் கால் மணி நேரத்தில் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. எந்தக் கணக்கு, எந்த மெஷின், எத்தனை மணிக்கு? அந்த மணி நம்மூர் மணியா, கிரீன்விச் மணியா? (ஐந்தரை மணி நேரக் குழப்பத்தில் வேறு யார் தலையோ உருளும் என்று அவனே சொல்லியிருக்கிறான்.) அதே நுழைவு வேறு கணக்குகளிலும் தெரிகிறதா? சம்பந்தப்பட்ட ஊழியரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டாகிவிட்டதா? ஈமெயிலில் கேட்கக் கூடாது. அதைத் திருடனே படித்துப் பதில் போட்டுவிடலாம். சந்தேகம் வலுத்தால் மெஷினை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். அவசரப்பட்டு ஆஃப் செய்துவிட்டால் மெமரியில் இருக்கும் தடயம் அப்போதே போய்விடும். துடைத்துப் புதிதாக ஏற்றினால் மிச்சமும் போகும். திருட்டுப் போன வீட்டைப் போலீஸ் வருமுன் கழுவிவிட்ட கதைதான். செய்ததை எல்லாம் நேரத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும்.

இவன் அந்த ஊழியரைக் கூப்பிட்டிருந்தால் மேலதிகாரியின் தூக்கம் கெட்டிருக்காது. அதை அதிகாரி தனியாக அழைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். சபையில் வைத்துத் திட்டியதால் பையன் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று, பேசாமல் இருப்பது.

"தினமும் ஆயிரம் எச்சரிக்கை வருகிறது, எல்லாவற்றுக்கும் எழுந்திருக்க முடியுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அடிக்கடி பொய்யாக அடிக்கும் மணியைப் பழுது பார்க்கட்டும். டூர் போகிறவர்கள் பெயரைக் காவல் அறைக்கு முன்னதாகவே கொடுக்கட்டும். 'புலி வருது' என்று கத்திய கதைப் பையன் பொய் சொன்னான். நம் பிள்ளைகள் கண்டதைத்தானே சொல்கிறார்கள்? 2022 ஏப்ரலில் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு போட்ட உத்தரவுப்படி, இங்குள்ள நிறுவனங்கள் இப்படிப்பட்ட சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கவனிக்கிறவன் பெரும்பாலும் இரவுப் பணியில் இருக்கும் இருபத்து மூன்று வயதுப் பையன். அவன் வாயை அடைத்துவிட்டு யாரிடம் போய்த் தகவல் கேட்பது?

ஊராருக்கு உபதேசம் செய்கிற நான் வீட்டில் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு ஒரு நாள் காலை, கணக்கிலிருந்து 9,800 ரூபாய் எடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அவள் எடுக்கவில்லை. ஆனால் என்னிடம் சொன்னது சாயங்காலம். முன்பொரு தடவை ஏதோ விளம்பரச் செய்தியைக் கண்டு பயந்து ஆபீசுக்குப் போன் செய்தவளை, "இதுக்கெல்லாமா கூப்பிடுவே?" என்று கடிந்துகொண்டவன் நான். 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லியிருந்தால் பணம் கை மாறுமுன் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்திருக்கும். எட்டு மணி நேரம் கழித்துச் சொன்னதில், பணம் எங்கெங்கோ போய்விட்டிருந்தது.

இப்போது ஃபிரிட்ஜ் கதவில் 1930 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம். அதற்குக் கீழே என் மனைவி தன் கையெழுத்தில், "அடுத்து அவரைக் கூப்பிடவும், திட்ட மாட்டார்" என்று எழுதி வைத்திருக்கிறாள். அண்ணன் மகன் போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனான்.