பழைய விரிப்பை எங்கே போடுவது?

வீட்டிலே தரை விரிப்பு கிழிந்து விட்டது. சாயமும் போய் விட்டது. அதை என்ன செய்வது?

"போகி அன்று கொளுத்தி விடலாம்" என்பார் ஒருவர். "ஓடையில் போட்டால் வெள்ளம் கொண்டு போய் விடும்" என்பார் இன்னொருவர்.

இரண்டுமே தவறு!

பாட்டி காலத்தில் வீட்டில் இருந்தவை கோரைப் பாய், பருத்தி ஜமுக்காளம், ஆட்டு ரோமக் கம்பளி. இவை மக்கும் பொருள்கள். குப்பைக் குழியில் போட்டால் எருவாகி விடும்.

இப்போது கடையில் விற்கும் விரிப்புகள் பல பாலியெஸ்டர், நைலான் போன்ற செயற்கை இழையில் செய்தவை. கல்யாண மண்டபத்துச் சிவப்புக் கம்பளமும் பெரும்பாலும் இந்த இனம்தான். இவை மக்காது.

கண்டுபிடிப்பது எப்படி?

ஓரத்தில் இருந்து ஒரே ஒரு நூலை உருவுங்கள். வீட்டுக்கு வெளியே, இடுக்கியில் பிடித்து நெருப்பைக் காட்டுங்கள். காகிதம் எரியும் வாடை வந்து சாம்பல் உதிர்ந்தால் பருத்தி. மயிர் கருகும் நாற்றம் வந்தால் கம்பளி. உருகி, மணி போல இறுகினால் செயற்கை இழை. குழந்தைகள் இதைச் செய்யக் கூடாது.

ஆறு என்ன ஆகும்?

கணியம்பாடி மக்களுக்கு ஓடையின் அருமை தெரியும். ஜவ்வாது மலையில் இருந்து வரும் நாகநதி வறண்டு கிடந்தது. அதை மீட்க இந்த வட்டாரத்துப் பெண்கள் பாடுபட்டார்கள். தடுப்பணைகள் எழுந்தன. மழை நீரைப் பூமிக்குள் இறக்கும் கிணறுகள் அமைந்தன. 2021 செப்டம்பரில் பிரதமரே வானொலியில் அவர்களைப் பாராட்டினார்.

அந்தக் கிணற்றின் வாயை ஒரு பழைய விரிப்பு அடைத்தால்? அத்தனை பெண்களின் உழைப்பும் வீண் அல்லவா?

கொளுத்துவதும் கேடுதான். செயற்கை இழையின் புகை நஞ்சு. அதை முதலில் சுவாசிப்பது நம் பிள்ளைகளே! குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதை 2016-ம் ஆண்டு விதிகளே தடை செய்து விட்டன.

பின் என்ன வழி?

நன்றாக இருக்கும் பகுதியை வெட்டிக் கால்மிதி ஆக்குங்கள். மூட்டைகளுக்கு அடியில் போடுங்கள். கோரைப் பாயில் நைலான் நூல் இருந்தால், அதை உருவி விட்டு எருக்குழியில் போடுங்கள்.

செயற்கை விரிப்பை வெயிலில் உலர்த்துங்கள். துண்டு துண்டாக வெட்டிக் கட்டுங்கள். தூய்மைக் காவலரிடம் உலர் குப்பையாகக் கொடுங்கள். நனைந்த விரிப்பு கல்லாய்க் கனக்கும். அதைச் சுமப்பவரும் மனிதர்தானே!

விற்பவருக்குப் பொறுப்பு இல்லையா?

உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2010-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி, கம்பளம் வாங்கும்போதே அதை மறுசுழற்சி செய்யும் செலவுக்கு ஒரு தொகை வசூலிக்கப்படுகிறது. நம் நாட்டிலும் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும். விற்று லாபம் பார்ப்பவர் ஒருவர், குப்பையைச் சுமப்பது கிராமம் என்பது நியாயம் அல்ல.

அது வரும் வரை நாம் ஒன்று செய்யலாம். புது விரிப்பு வாங்கும்போது விலையை மட்டும் கேட்க வேண்டாம். "இது மக்குமா?" என்றும் கேளுங்கள்.