முயலின் பல்லும் வயிறும்

நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் கோவா, கரட், லீக்ஸ் பயிரிடும் அன்பர் சிலர் வீட்டுப் புறத்தே முயலும் வளர்க்கின்றனர். பாத்தியில் எஞ்சிய கோவா இலையே அதற்குப் போதும் என்பது அவர்தம் எண்ணம். அது தவறு என்பதே எமது கருத்து.

முயலின் 28 பற்களும் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டேயிருப்பவை. முன்பற்கள் வாரத்திற்கு 2 முதல் 3 மில்லிமீற்றர் வரை நீளும். முரட்டுப் புல்லை நெடுநேரம் அரைப்பதனாலேயே அவை தேய்கின்றன. கோவா இலை தேய்க்காது. தேயாத கடைவாய்ப்பல் கூர்முனை கொண்டு நாவைக் கிழிக்கும். வாயில் நீர் வடியும். முயல் தீனியை மறுக்கும். அதன் குடலோ ஓயாது இயங்கவேண்டியது. ஒருநாள் உண்ணாதிருப்பினும் குடல் ஓய்ந்து உயிர்க்கேடு நேரலாம். வாந்தியெடுக்கும் ஆற்றலும் முயலுக்கில்லை.

ஆதலின் தீனியிற் பெரும்பங்கு புல்லாதல் வேண்டும். கிக்குயுப் புல்லைப் பனியீரம் உலர்த்தி இடுவது நன்று. கோவா இலை கைப்பிடியளவே. மருந்து தெளித்த பாத்தியினின்று அதுவும் ஆகாது. உருளைக்கிழங்குச் செடியின் இலை நஞ்சு. (படங்களில் முயல் கரட்டுடனேயே காட்சிதரும், அது அதற்குத் தின்பண்டமேயன்றி உணவன்று.)

முயல் தன் மென்புழுக்கையைத் தானே உண்பதை நோயென அஞ்சுவாருமுளர். அஞ்சவேண்டா, உயிர்ச்சத்தை மீளப்பெறும் இயல்பு அது.

நீண்ட பல்லைக் குறட்டால் நறுக்குதல் கூடாது. பல் பிளந்து சீழ்கட்டும். புழுக்கை சிறுத்தாலோ நின்றாலோ அன்றே கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்க. மறுநாள் வரை பொறுப்பது பெரும்பாலும் காலங்கடந்ததாகிவிடும்.