முகவரியில் சாதி இல்லாத ஊர்

எங்கள் காரைக்குடிப் பக்கம் புதிதாக அறிமுகமாகிற ஒருவர் முதலில் "எந்த ஊரு?" என்று கேட்பார். ஊர்ப் பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: "ஊருக்குள்ளயா, காலனியா?" வாய்விட்டுச் சாதியைக் கேட்பது நாகரிகம் இல்லை என்று நினைப்பவர்கள்கூட இதைக் கூசாமல் கேட்பார்கள். முகவரி தெரிந்தால் சாதி தெரிந்துவிடும்.

நான்கு நாள் பயணமாகச் சிங்கப்பூர் போயிருந்தபோது என்னை அதிரவைத்தது இதுதான். அங்கே முகவரிக்குச் சாதி இல்லை. உயரமான கட்டடங்களையும் துப்புரவான சாலைகளையும் யூடியூபிலேயே பார்த்தாயிற்று, அவை பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு பிளாக் எண், மாடி எண், வீட்டு எண், அவ்வளவுதான் ஒரு குடும்பத்தின் இருப்பிடம். அதை வைத்து அங்கே இருப்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்று கணிக்க முடியாது. ஒரே தளத்தில் சீனர், மலாய்க்காரர், தமிழர் குடியிருக்கிறார்கள். கீழே உணவங்காடியில் முன்பின் தெரியாதவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

இதைப் பார்த்துத் திரும்பும் பலர் ஒரு முடிவோடு வருகிறார்கள்: "கடல் கடந்து, நாலு காசு பார்த்துவிட்டால் சாதி தானாகப் போய்விடும்." இளம் தோழர்கள் இந்த முடிவை ஏற்கக் கூடாது.

கடல் கடந்து பணம் பார்த்ததற்கு நம் வட்டாரத்தைவிடப் பெரிய சாட்சி எது? செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்கள் பர்மா, மலாயா, இலங்கை என்று போய் ஈட்டிய செல்வத்தில் நின்றவை. பணம் சாதியைக் கரைக்கும் என்றால் இந்த மண்ணில் எப்போதோ கரைந்திருக்க வேண்டும். ஆனால் 1979இல் தேவகோட்டை பக்கத்து உஞ்சனையில் 5 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 2018இல் இதே சிவகங்கை மாவட்டத்துக் கச்சநத்தத்தில் 3 பேர் கொல்லப்பட்டார்கள்.

சிங்கப்பூரிலும் சாதி தானாகப் போகவில்லை. நகரத்தார் அங்கே கோயிலோடு போனார்கள். டேங்க் சாலைத் தெண்டாயுதபாணி கோயில் 1859இல் எழுந்தது. கூலிகளாகப் போன ஒடுக்கப்பட்ட மக்களோடு தீண்டாமையும் கப்பலேறியது. அங்கே அது எப்படிப் படிப்படியாக மறைந்தது என்று ஜான் சாலமன் என்ற ஆய்வாளர் 1872 முதல் 1965 வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டு ஒரு நூலே எழுதியிருக்கிறார். ஏறத்தாழ நூறாண்டுக் கதை அது. 1929 இறுதியில் பெரியார் மலாயா, சிங்கப்பூர் பயணம் மேற்கொண்டார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கி சீர்திருத்தக் கருத்துகளைப் பரப்பினார்.

பிறகு அரசு கைவைத்தது. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. பழைய கம்பங்கள் அகன்று அடுக்குமாடிகள் எழுந்தன. 1989இல் ஒரு பிளாக்கில் சீனர் 87 விழுக்காட்டையும் மலாய்க்காரர் 25 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்று வரம்பு விதித்தார்கள். இது இனத்துக்கான விதி, சாதிக்கானது அல்ல. சிறுபான்மையினர் வீட்டை விற்கும்போது வாங்குவோர் குறைகிறார்கள் என்ற குறையும் உண்டு. ஆனால் யார் எங்கே வாழ்வது என்பதைப் பழக்கவழக்கத்தின் கையில் விடவில்லை.

அரசு கைவைக்காத இடத்தில் ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கிறது. அந்த அடுக்குமாடிகளைக் கட்டும் நம் ஊர்ப் பையன்கள் தொழிலாளர் விடுதிகளில் நெருக்கியடித்துத் தங்கி, லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறார்கள். 2020இல் கொரோனா அந்த விடுதிகளில்தான் காட்டுத்தீயாகப் பரவியது. திருமண இணையதளங்களிலோ சிங்கப்பூர் மாப்பிள்ளைக்கும் சாதிக் கட்டம் காத்திருக்கிறது. அகமணமே சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916இலேயே விளக்கிவிட்டார்.

நம்மிடமும் ஒரு முயற்சி இருந்தது. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடுகளில் 40 தலித்துகளுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. நம் மாவட்டத்துக் கோட்டை வேலங்குடி சமத்துவபுரம் 2022 ஜூனில் திறக்கப்பட்டது. ஆனால் ஊருக்கு வெளியே தனியாக நூறு வீடு கட்டுவதால் ஊர் மாறாது. அருகிலேயே ஊரும் சேரியும் பழையபடி நிற்கின்றன. கனவு இல்லத் திட்டத்தில் அவரவர் இடத்திலேயே வீடு வருகிறது, சேரியில் இருப்பவருக்குச் சேரியிலேயே. ஆதிதிராவிடர் நலத்துறையின் மனைப்பட்டாவும் பெரும்பாலும் தனி இடத்தில்தான்.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் சொல் போன பிறகும் அந்த இடம் அங்கேயே இருந்தால், புதுப் பெயரும் பத்து வருடத்தில் வசவாகிவிடும்.

எனவே மாணவத் தோழர்களே, அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்குப் போங்கள். புதிய மனைப்பட்டா எந்தப் புல எண்ணில் வருகிறது, யார் யாருக்குப் பக்கத்து மனை என்று கேளுங்கள். ஊருக்குள் இருக்கும் அரசுப் புறம்போக்கில் எல்லாச் சாதியாருக்கும் கலந்து மனை ஒதுக்கத் தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். "ஊருக்குள்ளயா, காலனியா?" என்ற கேள்வி நம் காலத்திலேயே பொருளற்றுப் போக வேண்டும். அதற்கு விமான டிக்கெட் தேவையில்லை. மனை வரைபடம் மாற வேண்டும்.