ஓலையைத் தின்றால் சட்டம், ஆளைக் கொட்டினால் விதியா?

செம்பனைத் தோட்டத்தில் பைப்புழு என்று ஒன்று உண்டு. உலாட் பூங்குஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஓலைத் துணுக்கால் பை கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே தொங்கும். படையாகப் பெருகிவிட்டால் ஓலையில் ஈர்க்குதான் மிஞ்சும். விளைச்சல் 40 விழுக்காடு வரை சரியும் என்கின்றன ஆய்வுகள். அதனால் 2013-இல் அரசாங்கம் அதை ஆபத்தான பூச்சி என அரசிதழில் அறிவித்தது. கட்டுப்படுத்த வேண்டியது தோட்ட நிர்வாகத்தின் சட்டக் கடமை. தவறில்லை, மரம் போனால் நமக்கும் பிழைப்பில்லை.

ஆனால் அதே மரத்தில் கூடு கட்டும் குளவிக்கு என்ன சட்டம்?

குலை வெட்டுபவர் அண்ணாந்து அரிவாளைப் போடுகிறார். மட்டைக்குள் இருக்கும் கூடு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு குளவி கொட்டினால் அந்த வாடைக்கே மற்றவை திரண்டு வரும். சிலருக்கு ஒவ்வாமையால் சில நிமிடங்களில் மூச்சு அடைக்கும். வேறு சிலர் வீட்டுக்கு நடந்தே போவார்கள். பல கொட்டுகளின் விஷம் தசையைக் கரைத்து, ஓரிரு நாளில் சிறுநீரகம் செயலிழக்கும். சிறுநீர் கறுத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். சுண்ணாம்பு தடவிப் படுக்க வைப்பதை நாம் இன்னும் விடவில்லை.

இப்படிக் கணவரை இழந்த அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். நிர்வாகம் ஓர் உறையில் கொஞ்சம் பணம் வைத்துக் கொடுத்து, "கடவுள் விட்ட வழி" என்று அனுப்பிவிட்டதாம். சொக்சோவுக்குத் தகவலே போகவில்லை. அவர் கையில் இருந்தது மரணச் சான்றிதழும் பழைய சம்பளச் சீட்டு இரண்டும்தான். அந்தக் கோப்பு இன்னும் என் மேசையில் இருக்கிறது.

கடவுளை இதில் இழுக்க வேண்டாம். 1969-ஆம் ஆண்டு சொக்சோ சட்டப்படி, வேலை நேரத்தில் நேர்ந்த விபத்து, மாறான சான்று இல்லாத வரை, வேலையால் நேர்ந்ததாகவே கொள்ளப்படும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். குறைந்தது நான்கு நாள் எம்.சி. இருந்தால் தற்காலிக ஊனப் படி கேட்கலாம். உயிர் போனால் மனைவி மக்களுக்கு மாதப் பணம் உண்டு. 2019 முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. இன்று குலை வெட்டுவோரில் பெரும்பாலோர் அவர்களே. அவர்களுக்கு மறுக்கப்படுவது நாளை நமக்கும் மறுக்கப்படும்.

இன்னொன்றும் உண்டு. திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. கூடு இருப்பதைச் சொல்லியும் நிர்வாகம் அகற்றாவிட்டால், உடனடி ஆபத்துள்ள அந்த இடத்தை விட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. மண்டோர் முறைத்தாலும் சட்டம் இதுதான்.

புழுவை எண்ண ஆள் அனுப்பும் நிர்வாகம், குலை வெட்டும் முன் கூடு பார்க்கவும் ஓர் ஆளை அனுப்பட்டும். கூடு கண்டால் பொம்பாவை அழைக்கட்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: கொட்டுப்பட்டவரை அரசாங்க மருத்துவமனைக்கே கொண்டு போங்கள். எந்த நிரை, எத்தனை மணி, உடன் இருந்தது யார் என்பதை அன்றே எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டைக் குப்பையில் போடாதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.