ஃபில்டருக்குச் சாதி இல்லை, டம்ளருக்கு இருக்கிறது

வீட்டில் காப்பி போட எந்த முறை நல்லது? புதிதாக வேலைக்குச் சேர்ந்து, நகரத்தில் வாடகை வீடு பிடித்து, முதன்முறையாகத் தனியே அடுப்பு பற்றவைக்கும் நம் பிள்ளைகள் பலர் இதைக் கேட்கிறார்கள். சாதாரணக் கேள்விதான். ஆனால் பதில் சொல்பவர்கள் யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை. "ஃபில்டர் காப்பிதான் காப்பி, மற்றதெல்லாம் வெந்நீர்" என்கிறார்கள். "கும்பகோணம் டிகிரி காப்பி குடித்ததில்லையா?" என்று பரிதாபப்படுகிறார்கள். கருப்பட்டி போட்டுக் கடுங்காப்பி குடித்து வளர்ந்தவர் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறார். ஒரு பானத்தைப் பற்றிய பேச்சில் ஒருவரை வாயடைக்க வைப்பது எது? அதைத்தான் நாம் பேச வேண்டும்.

சுவை பிறவியிலேயே வருவது அல்ல. அது வர்க்கத்தின் வழியாகப் பழக்கப்படுத்தப்படுவது, பிறகு அதே சுவை அடுத்தவரைக் கீழே வைக்கும் கருவியாகிறது என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979இல் எழுதினார். நம் ஊரில் வர்க்கத்தோடு சாதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரையில் காட்டியிருப்பதுபோல, காப்பி தமிழ்நாட்டில் பிராமண நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும், தேநீர் உழைப்பாளிகளின் பானமாகவும் பிரிந்து நின்றன. முதலில் "கெட்ட பழக்கம்" என்று திட்டப்பட்ட காப்பி, சில பத்தாண்டுகளில் "பாரம்பரியம்" ஆகிவிட்டது. இரண்டு தலைமுறைப் பழக்கம் பாரம்பரியமாவதும், அதைவிட நெடுநாள் நாம் உண்ட உணவு "அசிங்கம்" ஆவதும் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். பதில் நாக்கில் இல்லை, அதிகாரத்தில் இருக்கிறது.

காப்பிக் கடைக்கும் சாதிப் பலகை இருந்தது. சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற உணவகத்தின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரி 1957இல் பெரியார் போராட்டம் அறிவித்தார். நாள்தோறும் மறியல், நாள்தோறும் கைது. இறுதியில் அந்தச் சொல் இறங்கியது. ஆனால் நகரத்துப் பலகை இறங்கிய பிறகும் கிராமத்து டீக்கடைகளில் சிரட்டையும் தனிக்குவளையும் இறங்கவில்லை. 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006இல் வெளிவந்த 'ஊரக இந்தியாவில் தீண்டாமை' பற்றிய ஆய்வு நூல், தேநீர்க்கடையில் தனிக்குவளையையும், தலித்துகளிடம் பால் வாங்க மறுப்பதையும் ஒருசேரப் பதிவு செய்தது. பால் விற்கவும் முடியாது, அந்தப் பாலில் போட்ட காப்பியைச் சமமாகக் குடிக்கவும் முடியாது. 'டிகிரி' என்றால் தண்ணீர் கலக்காத பாலில் போட்டது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். அந்தச் சுத்தம் பாலோடு நின்றிருந்தால் நமக்கு ஒரு சண்டையும் இல்லை.

இனி கேள்விக்கு வருவோம். நாம் முறைகளுக்கு எதிரி அல்ல. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடுங்காப்பிக்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். தண்ணீர் கொதித்ததும் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கரையவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு தூளைப் போட்டு மூடிவைக்க வேண்டும். நான்கைந்து நிமிடத்தில் மண்டி அடியில் தங்கிவிடும். மெல்லிய துணியில் வடித்தால் போதும். தூளைப் போட்டுவிட்டுக் கொதிக்கக் கொதிக்க விட்டால்தான் கசக்கும். கசப்புக்குக் காரணம் முறை அல்ல, அவசரமும் அடுப்பும்தான்.

ஃபில்டர் என்பது இரண்டு அடுக்கு. மேல் அடுக்கின் அடியில் பொடித் துளைகள். தூளைப் போட்டு, குடை போன்ற தட்டால் லேசாக அழுத்தி, கொதித்து இறக்கிய நீரை ஊற்றினால் கால் மணி நேரம் முதல் இருபது நிமிடத்துக்குள் டிகாக்‌ஷன் இறங்கும். துளை அடைத்துக்கொண்டால் மேல் அடுக்கைக் கழுவித் தணலில் காட்டித் தட்டினால் திறந்துகொள்ளும். எவர்சில்வரில் வாங்கினால் பல ஆண்டு உழைக்கும். இதைப் போடக் குலப்பெருமை தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும். யூடியூபில் இப்போது கொண்டாடப்படும் 'போர் ஓவர்', தாள் வடிகட்டியில் வெந்நீரை மெதுவாக ஊற்றுவது. நம் வீட்டுத் துணி வடிகட்டியின் சித்தப்பா பிள்ளை என்று சொல்லலாம். தாள் மட்டும் தீரத் தீர வாங்க வேண்டும். 'பிரெஞ்ச் பிரஸ்' என்றால் கரகரப்பான தூளை நான்கு நிமிடம் ஊறவைத்துச் சல்லடையால் அழுத்துவது. கண்ணாடி உடைந்தால் செலவு. இரவுப் பணி முடித்து வருபவருக்கு வெந்நீரில் கரையும் உடனடிக் காப்பித்தூளே போதும். அதைக் குடிப்பவரைக் கேலி செய்பவர் ஒரு வாரம் இரவுப் பணி பார்க்கட்டும்.

தூள் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிக்கரி கலந்த தூளில் காப்பி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது விதி. எவ்வளவு கலந்திருக்கிறது என்று பொட்டலத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். நிறமும் கெட்டித்தன்மையும் சிக்கரி தருவது. காப்பி விலை கொடுத்து வேரை வாங்காதீர்கள்.

ஆக, பால் வாங்கக் கட்டுப்படியாகிறது, காலையில் இருபது நிமிடம் இருக்கிறது என்றால் ஃபில்டர். இல்லையென்றால் கடுங்காப்பி. இதுதான் எங்கள் பரிந்துரை. இரண்டில் எதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை. "அது அவர்கள் காப்பி" என்று ஃபில்டரை ஒதுக்கவும் வேண்டாம். ஏனென்றால் அந்தக் கொட்டையில் நம் உழைப்பு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக் கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களுக்குக் கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டின் ஒடுக்கப்பட்ட சாதியினர். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மலைக்கு நடந்தார்கள். வழியிலேயே காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்த பிறகு அதே மக்கள் தேயிலைக்கு மாற்றப்பட்டார்கள். இன்றும் குடகிலும் சிக்கமகளூரிலும் ஏற்காட்டிலும் பழம் பறிக்கும் கைகள் யாருடையவை என்று போய்ப் பாருங்கள். காப்பியின் பெருமை பேசும் கட்டுரைகளில் தோட்ட முதலாளி வருவார், கும்பகோணம் வரும், பித்தளை டவரா வரும். பறித்தவர் வரமாட்டார்.

இன்னொன்று, தண்ணீர். பால் சேர்க்காத ஒரு குவளைக் காப்பியில் ஏறத்தாழ 98 விழுக்காடு தண்ணீர்தான். அந்தத் தண்ணீருக்காகத்தான் 1927 மார்ச் 20இல் அண்ணல் அம்பேத்கர் மகத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கினார். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. "நல்ல காப்பிக்கு நல்ல தண்ணீர் முக்கியம்" என்று குறிப்பு எழுதுபவர்கள் கடினநீர், மென்னீர் என்று பேசுகிறார்கள். நாம் அதற்கும் முன்னால் நிற்கும் கேள்வியைக் கேட்கிறோம்.

கடைசியாக டம்ளர். எங்கள் களப்பணியில் வீட்டுவேலை செய்யும் பெண்களிடம் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் செய்தி இது: "காப்பி கொடுப்பாங்க, ஆனா எனக்குன்னு தனி டம்ளர். ஜன்னல்ல கவுத்தி வச்சிருப்பாங்க." சில வீடுகளில் இப்போது காகிதக் குவளை. சுகாதாரம் என்று பெயர். அந்தச் சுகாதாரம் வீட்டுக்கு வரும் அதிகாரிக்கு ஏன் இல்லை? அவருக்கு மட்டும் டவரா செட் எப்படி வெளியே வருகிறது? அந்த டம்ளரைத் துலக்குவதே அந்தப் பெண்ணின் கைதானே! துலக்கும்போது படாத தீட்டு குடிக்கும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது?

உணவகத்தில் பொதுப் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். டீக்கடையில் தனிக்குவளை வைத்தால் புகார் கொடுக்கலாம், ஆய்வுக்கு ஆள் வருவார்கள், கொடுத்தும் இருக்கிறோம். ஆனால் சமையலறை ஜன்னலைச் சோதிக்க எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. வீட்டுக்குள் இருக்கும் தீண்டாமையை வீட்டில் இருப்பவர்கள்தான் எடுக்க வேண்டும். அதனால்தான் இந்தச் சின்னக் கேள்வியை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்கிறோம்.

இது ஆதிக்கச் சாதியினருக்கு மட்டும் சொல்வதல்ல. சாதி படிநிலைச் சமத்துவமின்மை என்றார் அண்ணல். ஒவ்வொரு படியிலும் நிற்பவருக்குக் கீழே மிதிக்க ஒரு படி வைத்திருப்பதுதான் அதன் பலம். நகரத்தில் வீடு கட்டிக் குடியேறிய நம்மவர் வாசலுக்கும் காலையில் தூய்மைப் பணியாளர் வருகிறார். பெரும்பாலும் அருந்ததியர். அவர் தண்ணீர் கேட்டால் எந்தக் குவளை வெளியே வருகிறது? பழைய பிளாஸ்டிக் பாட்டிலா, நாம் குடிக்கும் டம்ளரா?

எனவே, புதுக் குடித்தனம் போகும் தம்பி தங்கைகளே, ஃபில்டர் வாங்குங்கள், வாங்காமலும் இருங்கள். டம்ளர் மட்டும் ஒரே மாதிரி ஆறு வாங்குங்கள். ஒன்றைக்கூடத் தனியாக எடுத்து வைக்காதீர்கள். வீட்டுவேலைக்கு வரும் அக்காவும் உங்களோடு நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ஆறில் கைக்குக் கிடைத்த ஒன்றில் குடிக்கட்டும். காப்பி கொஞ்சம் கசந்தால் பரவாயில்லை, நாளைக்குத் தூளைக் குறைத்துக்கொள்ளலாம்.