பாலித்தீன் கவருக்குள் இரும்புக்கை மாயாவி

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. கணக்கு முடிப்பு, ஆடிட்டுன்னு ஆணி அதிகம். இன்னிக்கு எழுத வெச்சது கோபம்தான். கொசுவத்தி சுத்தப் போறேன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும்.

போன மாசம் ஒரு பழைய லயன் காமிக்ஸ் தேடினேன், ஸ்பைடர் கதை. வெச்சிருந்தவர் 3,500 ரூபாய்னார். விலை அவர் இஷ்டம், நானும் பி.காம். படிச்சவன், டிமாண்ட் சப்ளை தெரியும். "கதை எப்படி சார்?"னு கேட்டேன். "கவரைப் பிரிச்சா மதிப்பு போயிடும் சார், நான் படிக்கலை"ங்கறார்! காமிக்ஸ் சேகரிப்புங்கற பேர்ல நடக்கறது இதுதான். அட்டைப்படத்தை போட்டோ எடுத்துப் போட வேண்டியது, "என்கிட்ட இருக்கு"ன்னு சொல்ல வேண்டியது. அதுக்குக் கீழே நாப்பது பேர் "சூப்பர் ஜி". ஒருத்தராவது கதையைப் பத்திப் பேசினாங்களா? ம்ஹும்.

அந்த ஸ்பைடர் யாருங்க? 1984-ல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வந்தப்போ நம்ம பசங்களைக் கட்டிப்போட்ட, குற்றச் சக்கரவர்த்தி ஆக ஆசைப்பட்ட ஆசாமி. இங்கிலாந்துல 'லயன்'ங்கற வார இதழ்ல 1965-ல் தொடங்கின தொடர். உருவாக்கினவர் டெட் கோவன், வரைஞ்சவர் ரெக் பன். சீக்கிரமே கதையை எழுத வந்தவர் ஜெர்ரி சீகல். ஆமாங்க, சூப்பர்மேனை உருவாக்கின அதே சீகல். ஜோ ஷூஸ்டரும் அவரும் 1938-ல் சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க. அப்புறம் உரிமை கேட்டு வழக்கு, கசப்பு, வேலை போச்சு. அந்த மனுஷன் லண்டன் பத்திரிகைக்கு எழுதின கதையைத்தான் சாத்தூர்லயும் கோவில்பட்டியிலும் மரத்தடியில உக்காந்து படிச்சிருக்கோம். அந்த வார இதழ்கள்ல பொதுவா ஆசிரியர் பேரே போடமாட்டாங்க, அதனால சிவகாசியைக் குத்தம் சொல்ல முடியாது. இன்னிக்குத் தெரிஞ்ச பிறகும் நாம "அரிய புக், மின்ட் கண்டிஷன்"னு மட்டும் பேசறோமே, அதுதான் அநியாயம்.

மாயாவி விஷயம் இன்னும் மோசம். (இங்கே திருவனந்தபுரத்துல ஆபீஸ்ல மாயாவின்னு சொன்னா பாலரமாவுல வர்ற குட்டி மாயாவியைத்தான் நினைக்கிறாங்க. நம்ம ஊர்லயே ராணி காமிக்ஸ் ஃபேண்டத்துக்கு மாயாவின்னு பேர் வெச்சாங்க, முத்து காமிக்ஸ்ல அவர் வேதாளர். குழப்பம் நமக்குப் புதுசில்லை.) நான் சொல்றது 1972-ல் முத்து காமிக்ஸோட முதல் இதழா வந்த இரும்புக்கை மாயாவி. 1962-ல் 'வேலியண்ட்' இதழ்ல கென் பல்மர் எழுத, ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைஞ்ச லூயிஸ் கிராண்டேல். ஒரு கையை இழந்த ஆய்வுக்கூட உதவியாளன். மின்சாரம் பாய்ஞ்சா உடம்பு மறைஞ்சு, இரும்புக்கை மட்டும் தெரியும். அவன் ஆரம்பத்துல வில்லன்! நியூயார்க்கையே மிரட்டறவன். பின்னாடிதான் உளவாளி ஆகறான். இது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? அட்டை ஞாபகம் இருக்கும்.

ஆங்கில மூலத்துக்கு ஆபத்தில்லை. உரிமையை வாங்கின ரெபெல்லியன் நிறுவனம் 2021-ல் ஸ்டீல் கிளாவையும் ஸ்பைடரையும் திரும்பப் புத்தகமாப் போட்டுடுச்சு. சிவகாசியிலயும் 2012-க்கு அப்புறம் பழைய கதைகள் நல்ல தாள்ல மறுபதிப்பு வந்திருக்கு, அதுக்கு ஒரு கும்பிடு. ஆனா எல்லாமே திரும்பி வந்துடலை. அன்னிக்கு யாரோ பேர் போடாத ஒருத்தர் உக்காந்து தமிழாக்கின அந்த வசனம், அந்த வாசகர் கடிதப் பக்கம், அடுத்த வெளியீடு விளம்பரம், இதெல்லாம் மலிவுத் தாள்ல மட்டும்தான் இருக்கு. அந்தத் தாள் தானாவே பழுத்து நொறுங்கும். நீங்க பாலித்தீன்ல போட்டுப் பூட்டினாலும் நொறுங்கும்.

பேங்க்ல ரெண்டு வருஷம் வாடிக்கையாளர் வரவு செலவு செய்யலைன்னா செயல்படாத கணக்கு. பத்து வருஷம் கேட்பாரில்லாம கிடந்தா பணம் ரிசர்வ் பேங்க் நிதிக்குப் போயிடும். முப்பது வருஷமா பிரிக்காத காமிக்ஸை என்னன்னு சொல்றது?

"அப்போ ஸ்கேன் பண்ணி இணையத்துல போடச் சொல்றியா?"ன்னு கேப்பீங்க. இல்லை. உரிமை இருக்கறவன் வயித்துல அடிக்கச் சொல்லலை. கவரைக் கிழிச்சுப் படிங்க. எந்த மூலக்கதை, எந்த வருஷம், யார் வரைஞ்சது, தமிழ்ல எத்தனை பக்கம், எந்தக் கட்டம் வெட்டுப்பட்டிருக்குன்னு கதையோட சேர்த்து எழுதுங்க. அட்டை போட்டோவுக்குக் கீழே அதைப் போடுங்க. பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு வாரம் இரவல் கொடுங்க. அவன் மடக்கித்தான் படிப்பான், முனை மடங்கத்தான் செய்யும்.

டிஸ்கி: பழைய புத்தகக் கடைக்காரங்களைத் திட்டலை. அவங்க விக்கறாங்க, அது தொழில். வாங்கிப் பூட்டறவங்களைத்தான் சொல்றேன். அடிக்க வர்றவங்க முதல்ல உங்ககிட்ட இருக்கற ஏதாவது ஒரு ஸ்பைடர் கதையைப் பத்து வரியில சொல்லிட்டு வாங்க :-)