முதலாளி கையில் பெர்மிட், தொழிலாளி கழுத்தில் கயிறு

"வெளிநாட்டுக்காரன் வந்துதான் நம்ம பொழப்பு கெட்டுப் போச்சு" என்ற பேச்சைத் தோட்டந்தோட்டமாகக் கேட்டு வருகிறோம். அதில் பாதி உண்மை உண்டு. மறுபாதியைத் தெரிந்துகொள்ளாவிட்டால் நம் கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. நம்மைப் போன்ற இன்னொரு ஏழையின் தலையில்தான் விழும்.

அமெரிக்காவில் எச்-2பி என்று ஒரு விசா இருக்கிறது. விவசாயம் அல்லாத தற்காலிக வேலைகளுக்கு வெளிநாட்டாரைக் கொண்டுவரும் பெர்மிட் அது. புல் வெட்டுவது, ஹோட்டல் துப்புரவு, நண்டுச் சதை எடுப்பது போன்ற வேலைகள். விவசாயத்துக்கு ஒன்று, மற்ற வேலைக்கு ஒன்று என்று 1986ல் சட்டம் பிரித்தது. ஆண்டுக்கு 66,000 பேர் என்பது சட்டம் வைத்த அளவு. உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி முதலில் காட்ட வேண்டும். உள்ளூர்த் தொழிலாளியின் சம்பளமும் இதனால் குறையக்கூடாது.

விதியெல்லாம் நல்லாத்தான் இருக்கிறது. ஆனால், எந்த முதலாளி பேரில் பெர்மிட் வந்ததோ, அவரிடம் மட்டுமே வேலை செய்யலாம். வேறு முதலாளி புதிதாக மனுப் போட்டால்தான் மாற முடியும். வேலையை விட்டால் நாட்டையும் விட வேண்டியதுதான்.

இதன் பலன் என்ன? 2005ல் கத்ரினா புயல் அடித்த பிறகு, சிக்னல் என்ற கம்பெனி மிசிசிப்பி, டெக்சஸ் மாநிலங்களில் உள்ள தன் பட்டறைகளுக்கு இந்தியாவிலிருந்து சுமார் 500 வெல்டர்களையும் பைப் பிட்டர்களையும் எச்-2பி விசாவில் கொண்டுவந்தது. நிரந்தரக் குடியிருப்பு கிடைக்கும் என்று ஏஜெண்டுகள் ஆசை காட்ட, ஆளுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கடன் வாங்கிக் கட்டினார்கள். போய்ப் பார்த்தால் ஒரே கொட்டகையில் 24 பேர் வரை படுக்கை! அதற்கும் மாதம் 1,050 டாலர் பிடித்தம்! கடன் ஒருபக்கம், விசா ஒருபக்கம், எங்கே ஓடுவது?

ஓடவில்லை, ஒன்றுசேர்ந்தார்கள். 2008 மார்ச்சில் நூறு பேர் அளவில் வேலையைவிட்டு வெளியேறினார்கள். தலைநகர் வாஷிங்டன் வரை போய் உண்ணாவிரதம் இருந்தார்கள். வழக்கு நடந்து, 2015 பிப்ரவரியில் ஐந்து பேருக்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் தரவேண்டும் என்று நியூ ஆர்லியன்ஸ் நீதிமன்ற ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள்.

தோழர்களே, இந்தக் கதை நமக்குப் புதுசா? கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறிய நம் தாத்தா பாட்டிமார் கட்டுண்டு கிடந்ததும் இதே கயிற்றில்தான். 1969ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயம் என்று வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் தோட்டத்தை விட்டுப் போனதை மறந்துவிட்டோமா?

இன்று செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டும் இந்தோனேசியருக்கும் வங்காளதேசிக்கும் நம் நாட்டில் கிடைக்கும் பெர்மிட்டும் ஒரே முதலாளியோடு கட்டியதுதான். விட்டுப் போக முடியாதவன் கொடுத்ததை வாங்கிக்கொள்வான். அதைக் காட்டியே துரை நம்மிடமும் பேரம் பேசுவார். நம் சம்பளம் ஏறாமல் கிடப்பது அந்த ஆள் வந்ததனால் மட்டுமல்ல, அவனைக் கட்டிப் போட்டிருப்பதனாலும்தான். அவன் கயிறு அவிழ்ந்தால்தான் நம் சம்பளமும் ஏறும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். கொடுமை நடக்கும் இடத்தை விட்டு வேறு முதலாளியிடம் போகும் உரிமையை அரசாங்கம் பெர்மிட்டிலேயே தரவேண்டும். ஏஜெண்டுச் செலவை ஆள் கேட்கும் முதலாளியே கட்டவேண்டும். மற்றவர் பாஸ்போர்ட்டைப் பிடித்துவைப்பது 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தைத் தோட்ட ஆபீசுக்குள்ளும் கொண்டுபோக வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. பக்கத்து லயத்து வெளிநாட்டுத் தொழிலாளியும் சங்கத்தில் அங்கத்தினராகச் சேரலாம். அடுத்த கூட்டத்துக்கு அவரையும் கையோடு கூட்டி வாருங்கள். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் நம் பிள்ளைகளும், ஏஜெண்டிடம் காசைக் கொடுக்கும் முன் சங்கத்தில் ஒரு வார்த்தை விசாரிக்கட்டும்!